ஆலயத்துக்குப் படம் வரையக் கேட்டால்

"டீச்சர், நம்ம சர்ச்சுக்கு ஒரு படம் வரைஞ்சு தாங்களேன்" என்று கமிட்டிச் செயலாளர் கேட்டால், முதலில் எந்தச் சுவர் என்று கேளுங்கள். எந்த வசனம் என்பது அப்புறம். எல்லாரும் வசனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் சென்னையில், அதுவும் கடலோரம் இருக்கிற பழைய ஆலயமென்றால், சுவர் உப்புப் பூத்து உங்கள் படத்தை ஐந்தாறு மழைக்காலத்தில் தின்றுவிடும். பரிசுத்தமான படமென்று சுண்ணாம்புக்குத் தெரியாது.

நான் ராயபுரத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. அப்பா மவுன்ட் ரோடு பேனர் கம்பெனி ஒன்றில் ஃப்ளெக்ஸ் வரும்வரை கட்அவுட் வரைந்தவர். வளர்ந்தது சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையில். சபைகளுக்கு நான் வரைந்து கொடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: யோவான் 21-ஆம் அதிகாரம், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் சுட்டுக்கொண்டு சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற காட்சி. அதை வைத்தே முறையைச் சொல்கிறேன். நீங்கள் வேறு பகுதியை எடுத்தாலும் வழி இதேதான்.

சுவரைப் பார்க்கிறபோது ஆராதனை நேரத்தில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். ஞாயிறு காலை எட்டரை மணிக்கு எந்த ஜன்னலிலிருந்து வெயில் விழுகிறது, எந்த ஃபேன் எதை மறைக்கிறது, டியூப்லைட் எங்கே கண்ணைக் கூசுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து சுவர் அறுபது அடி இருந்தால், உள்ளங்கை அளவு முகம் வரைந்து பயனில்லை. அப்பா சொல்வார்: "பஸ்ஸுல போறவனுக்குப் புரியணும், கிட்ட வந்து நிக்கிறவனுக்கு இன்னும் ஒண்ணு இருக்கணும்." கட்அவுட்டுக்குச் சொன்னது. ஆலயத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

பீடத்துக்கு மேலேயே மாட்டச் சொன்னால் ஒரு தடவை யோசிக்கச் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் யாராவது ஒரு மூத்தவர் யாத்திராகமம் 20-ஐத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பார்: சொரூபம் கூடாதென்று கட்டளையிருக்கும்போது இது எதற்கு? அவரைப் பழமைவாதி என்று ஒதுக்காதீர்கள். கேள்வி நியாயமானது. அதே புத்தகத்தின் 25-ஆம் அதிகாரத்தில் பொன்னால் கேருபீன்கள், அதாவது சிறகுள்ள தேவதூதர்கள், செய்யச் சொல்லியிருக்கிறது; 28-இல் ஆசாரியனுடைய அங்கியின் ஓரத்தில் மாதுளம்பழ வேலைப்பாடு. ஆக, தடை கும்பிடுவதற்கு. கைவேலைக்கு இல்லை என்பது என் வாசிப்பு. ஆனாலும் பக்கச் சுவரில் மாட்டினால் யாரும் அதற்கு முன்னால் மண்டியிட வேண்டிய கட்டாயம் வராது, அவருக்கும் மனசு ஆறும். கத்தோலிக்கப் பங்குகளில் இந்தப் பேச்சே எழாது. பெந்தெகொஸ்தே சபையென்றால் படத்தை விட்டுவிட்டு வசனத்தை அழகாக எழுதிக் கொடுங்கள். நல்ல எழுத்தும் ஓவியந்தான். தமிழ் எழுத்தின் வளைவுகளைச் சரியாகப் போடத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இனி வசனம். பகுதியை ஜெபத்தோடு வாசியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது: சாமான் பட்டியல் போடுகிற மேஸ்திரியைப் போல வாசியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். யோவான் 21-இல் படகில் எத்தனை பேர்? ஏழு. சீமோன் பேதுரு, தோமா, நாத்தான்வேல், செபெதேயுவின் குமாரர் இரண்டு பேர், பெயர் சொல்லாத இரண்டு பேர். நேரம்? விடியற்காலம். கரையிலிருந்து படகு எவ்வளவு தூரம்? இருநூறு முழம், அதாவது சுமார் முந்நூறு அடி. வலையில் மீன் எத்தனை? 153. வலை கிழிந்ததா? கிழியவில்லை. நெருப்பு விறகா, கரியா? கரி.

அந்தக் கரிநெருப்பில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. இன்னொன்று 18-ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில். குளிர்காய்ந்துகொண்டே பேதுரு, இயேசுவின் சீஷன் "நான் அல்ல" என்று மறுத்துச் சொன்ன இடம். இப்போது அதே மனுஷன் ஈரத் துணியோடு தண்ணீரிலிருந்து ஏறி வந்து இன்னொரு கரிநெருப்புக்கு முன்னால் நிற்கிறார். ஓவியருக்கு இது பெரிய கொடை. பேதுருவின் முகத்தில் விழுகிற வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும் என்பது தீர்ந்துவிட்டது. எந்தப் பாவனையை வரைவது என்றும் பாதி தீர்ந்துவிட்டது. பிரசங்கம் பண்ணத் தேவையில்லை. வேதம் தெரிந்தவர் கண்டுகொள்வார், தெரியாதவருக்கு நனைந்த ஆள் ஒருவன் நெருப்பைப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

இப்படி வாசித்தால் உங்களுக்கு வேண்டியது பகுதிக்குள்ளேயே கிடைக்கும். "ஆண்டவர் எனக்குத் தரிசனம் கொடுத்தார், அப்படியே வரைந்தேன்" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்தத் தரிசனம் சிவகாசி காலண்டரில் ஏற்கெனவே வந்ததாக இருக்கும். காலண்டரில் பார்க்கும் அந்த மென்மையான முகத்துக்கு மூலம் வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் 1940-இல் வரைந்தது. கோடிக்கணக்கில் அச்சாகி உலகம் முழுக்கப் போனது. நம் வீட்டுச் சுவரில் சின்ன வயதிலிருந்து தொங்கியதால் நம் மனசுக்குள் அதுவே ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை வெறுக்க வேண்டாம். ஆனால் திரும்ப அதையே வரைவதற்கு உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, ஃப்ளெக்ஸ் கடை போதும்.

அடுத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். தூரிகையைத் தொடும் முன்பே. காட்சி இயேசு வாழ்ந்த கலிலேயாவில் நடக்கிறதா, நம் சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலா? இரண்டு வழிக்கும் மரியாதையான முன்னோர்கள் உண்டு. கோவாக்காரர் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா சாந்திநிகேதன் போய் அபனீந்திரநாத் தாகூரிடம் படித்து வந்து மரியாளுக்குப் புடவை கட்டினார். நமக்கோ வேளாங்கண்ணி மாதா புடவையில்தான் பழக்கம். பரங்கிமலைக் கோயிலில் இருக்கிற பழைய கற்சிலுவையைப் போய்ப் பாருங்கள்: சுற்றிலும் பஹ்லவி எழுத்து, சிலுவைக்கு மேலே இறங்குகிற புறா. பாரசீக எழுத்தும் கிறிஸ்தவச் சின்னமும் நம் பக்கத்துக் கல்லும் ஒரே பலகையில். அதே கோயிலில் சுவிசேஷம் எழுதிய லூக்கா வரைந்தது என்று பாரம்பரியம் சொல்கிற மாதா படமும் உண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற, 1680-இல் பிரதிஷ்டையான செயின்ட் மேரீஸ் ஆலயத்தில் பீடத்துக்குமேல் இருக்கும் இராப்போஜனப் படமோ முழுக்க ஐரோப்பா. 1761-இல் புதுச்சேரியிலிருந்து வந்தது என்பார்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கூடாதது பாதியும் பாதியும். பின்னால் மெரினா அலை, முன்னால் ஐரோப்பியத் தாடி, கையில் வஞ்சிரம். நான் எடுத்த முடிவு இது: பொருள்கள் எல்லாம் கலிலேயாவினுடையவை, உடம்புகள் காசிமேட்டினுடையவை. கலிலேயாக் கடல் என்பது நல்ல தண்ணீர் ஏரி. கடல் மட்டத்துக்கு இருநூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, சுற்றிலும் குன்றுகள். அதனால் நம் கடல்போல வெள்ளை நுரை அடிக்கிற அலை கரையில் வேண்டாம். அங்கே பிடிபடுகிற பேர்பெற்ற மீன் நம்மூர் ஏரி மீன் கடையில் கிடைக்கிற ஜிலேபி கெண்டையின் சொந்தக்காரன். வாங்கி வந்து வரைந்துவிட்டு அன்றைக்கே குழம்பும் வைத்தேன், முள் ஜாஸ்தி. படகுக்கு அளவு வேண்டுமா? 1986-இல் அந்த ஏரிச் சேற்றிலிருந்து முதலாம் நூற்றாண்டுப் படகு ஒன்று எடுத்தார்கள்: நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல், அகலம் இரண்டே கால் மீட்டர் சுமார். ஏழு பேரும் வலையும் கொள்கிற அளவு. அப்பம் என்றால் வட்டமான தட்டை ரொட்டி. பேக்கரி பன் வேண்டாம்.

உடம்புக்குக் காசிமேடு. ஏலம் நடக்கிற நேரத்தில், விடியுமுன் போனால் வலை இழுக்கிற தோள் எப்படி முறுக்குகிறது, ஈரக் கயிறு பிடித்த விரல் எப்படி வெளுத்துச் சுருங்குகிறது என்று தெரியும். முதலில் கேட்டுவிட்டு வரையுங்கள். "இன்னாக்கா, என்னையா வரையுற?" என்று சிரிப்பார்கள். ஒரு ஆளை நிறுத்தி வரைந்தால் அவருடைய வேலை நேரத்துக்குக் காசு கொடுங்கள், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். முக்கியமான ஒன்று: இயேசுவுக்கு ஒரே ஆளை மாதிரியாக வைக்க வேண்டாம். கை ஒருவருடையது, தோள் இன்னொருவருடையது, நெற்றி வேறொருவருடையது என்று சேருங்கள். இல்லாவிட்டால் சபை முழுக்க, "இது நம்ம மூணாவது தெரு பையன்ல?" என்று ஆகிவிடும், பாவம், அந்தப் பையன் அப்புறம் தெருமுனையில் நின்று ஒரு பீடி பிடிக்க முடியாது.

என் படத்தில் இயேசு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். தரையில் கரி போட்டு மீன் சுடுகிற ஆள் வேறு எப்படி உட்காருவார்? கமிட்டியில் ஒருவருக்கு இது உறுத்தியது. "ஆண்டவரை இப்படி உக்கார வைக்கலாமாம்மா?" நான் தர்க்கம் பண்ணவில்லை. நிற்கிற மாதிரி ஒரு சின்னக் கோட்டுப்படம் போட்டு, கையைக் கரிநெருப்புவரை நீட்டிக் காட்டினேன். முதுகு வளைந்து, பார்க்க இன்னும் மோசமாக இருந்தது. அவரே உட்காரச் சொல்லிவிட்டார். இறையியல் விவாதங்கள் பாதிக்குமேல் இப்படி உடற்கூறால் தீர்ந்துபோகிறவை.

நிறம் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். "இயேசு இவ்ளோ கறுப்பா இருக்காரே" என்பார்கள். கேட்பவரும் அதே நிறமாக இருப்பார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய யூதத் தச்சர் வெயிலில் நடந்தவர், சிவப்புத் தோலும் நீலக் கண்ணும் இருக்க வழியில்லை என்று பேசிப் பார்க்கலாம். நான் வெளிச்சத்தை வைத்துச் சமாளிப்பேன். கரிநெருப்பின் செம்மை கீழிருந்து, விடியற்கால வானத்தின் நீலம் மேலிருந்து. அந்த வெளிச்சத்தில் எல்லார் தோலும் ஒரே செம்பு நிறமாகிவிடும், யார் சிவப்பு யார் கறுப்பு என்ற கணக்கே எடுபடாது.

ஆனால் கீழிருந்து வருகிற வெளிச்சம் ஆபத்தானது. பேனரில் வில்லனுக்குத்தான் தாடைக்கடியில் பச்சை வெளிச்சம் அடிப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் ஆண்டவர் பயமுறுத்துவார். இதைப் பழக மெரினாவுக்குப் போங்கள். மாலை ஆறரைக்குமேல் சோளம் சுடுகிறவர்கள் விசிறிக்கொண்டிருப்பார்கள். விசிறும்போது முகம் எப்படி ஒளிர்கிறது, நிறுத்தினால் எத்தனை சீக்கிரம் அடங்குகிறது, மூக்கின் நிழல் எங்கே ஏறுகிறது என்று கோட்டுப்புத்தகத்தில் பிடியுங்கள். போட்டோ எடுத்தால் ஃபோன் தானாக வெளிச்சத்தைச் சமப்படுத்திக் கெடுத்துவிடும். கரியின் ஒளி நாம் நினைப்பதைவிட மங்கல். தாடை, உள்ளங்கை, முழங்கால் உட்புறம், இந்த மூன்றில் பட்டால் போதும். தோலுக்கு பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர். நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரின். கறுப்பு ட்யூபைத் திறக்கவே வேண்டாம், தோல் செத்துப்போகும்.

தோமாவை எங்கே வைப்பது என்பது சென்னைக்காரர்களுக்கு மட்டும் வருகிற பிரச்சினை. அவர் வந்த இடங்கள் என்று பாரம்பரியம் சொல்கிற சாந்தோமும் பரங்கிமலையும் சின்னமலையும் இருக்கிற ஊரில் சனங்கள் படத்தில் முதலில் தேடுகிற சீஷர் அவர்தான். அவரைப் பெரிதாக்கி முன்னால் நிறுத்தச் சொல்லி ஒருவர் கேட்டார். நான் மறுத்துவிட்டேன், அந்தக் காலையின் கதை பேதுருவினுடையது. தோமா படகிலிருந்து இறங்குகிற நிலையில், வலையைப் பிடித்தபடி நிற்கிறார். மற்ற ஆறு பேரில் சிலர் மீனைப் பார்க்கிறார்கள், சிலர் நெருப்பை. அவர் பார்ப்பது மீனைத் திருப்பிப் போடுகிற கையை. அந்தக் கையில் ஆணித் தழும்பு உண்டு. அதைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று முந்தின அதிகாரத்தில் அவர்தானே சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து இது தெரியாது. கிட்ட வந்து நிற்கிறவருக்கு அப்பா சொன்ன அந்த "இன்னும் ஒண்ணு".

பலகைக்கு 8-க்கு 4 அடி மரைன் ப்ளை, 19 எம்.எம். கேன்வாஸ் நம் புழுக்கத்தில் தொய்யும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும். ப்ளையின் ஓரங்களையும் முதுகையும் மறக்காமல் ப்ரைமர் அடித்து அடையுங்கள். முன்பக்கம் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு மூன்று கை; ஒவ்வொன்றையும் காயவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள். சின்ன ஓவியத்தை இங்கே பெரிதாக்கக் கட்டம் போடுங்கள், பேனர்க்காரர்கள் வழி அதுதான். ப்ரொஜெக்டர் வைத்தால் ஓரங்களில் உருவம் இழுபடும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், ஈரத் துணி விரித்து அதன்மேல் தாள் போட்டு வண்ணம் வையுங்கள். ஆயில் என்றால் ஐப்பசி மழையில் தொடங்காதீர்கள்.

பரிசுத்தம் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். உபவாசம் இருந்து வரையணுமா? இருக்கலாம், ஆனால் பசியில் கை நடுங்கினால் எழுந்து சாப்பிடுங்கள். நான் வேலைக்கு முன்னால் சின்னதாக ஜெபம் பண்ணுவேன், கையைக் கழுவுவேன், தொடங்கிவிடுவேன். வேதத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31 சொல்கிற பெசலெயேல் தீர்க்கதரிசி இல்லை, கைவேலைக்காரர். பொன், வெள்ளி, வெண்கலம், இரத்தினம் பதிப்பது, மரம் செதுக்குவது என்று வேலைப் பட்டியலே அங்கே இருக்கிறது. ஆவியானவர் அவருக்குக் கொடுத்தது ஞானமும் தொழில் அறிவும். ஆகவே ஆறு விரல் மாதிரித் தெரிகிற ஒரு கையை வரைந்துவிட்டு "பக்தியோடு பண்ணினேன்" என்று சொல்லாதீர்கள். அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

கிறிஸ்தவர் மட்டுந்தான் கிறிஸ்துவை வரைய முடியுமா என்பதும் வரும். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1950களில் கிறிஸ்துவை வரைந்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அப்பாவின் கம்பெனி மாஸ்டர் நெற்றி நிறைய விபூதியோடு மாதாவுக்கு அத்தனை கவனமாகக் கண் திறப்பார். என் படத்துக்குச் சட்டம் போட்டுத் தருகிறவர் மண்ணடியில் இருக்கிற ஒரு பாய். பலகை அரை இஞ்ச் கோணலாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். விசுவாசம் உங்களுக்கு வரைகிற கையைத் தராது. எதை இத்தனை நேரம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை வேண்டுமானால் தரும்.

பணம். "காணிக்கையா வரைஞ்சு குடுங்க டீச்சர், ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்பார்கள். எலக்ட்ரீஷியனிடம் இப்படிக் கேட்கமாட்டார்கள். சாமான் செலவு தனி, கூலி தனி என்று எழுதிக் கொடுங்கள். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்று லூக்கா 10-இல் இருக்கிறது, தைரியமாகச் சொல்லலாம். கொடுக்க மனமிருந்தால் கூலியை வாங்கிக்கொண்டு காணிக்கைப் பையில் போடுங்கள். எவ்வளவு என்பது உங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். கமிட்டியிடம் வண்ணத்தோடு ஒரே ஒரு மாதிரி காட்டுங்கள், மூன்று காட்டினால் மூன்றையும் கலக்கச் சொல்வார்கள். அதன் பின்புறம் ஆயரும் செயலாளரும் கையெழுத்துப் போடட்டும். சாமானுக்கு முன்பணம் வராமல் ப்ளை வாங்கப் போகாதீர்கள். உபயம் செய்தவரின் பெயர் படத்துக்குள் வேண்டுமென்று கேட்டால், சட்டத்துக்குக் கீழே சின்னப் பித்தளைத் தகட்டில் எழுதலாம் என்று சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தைக் கீழ் மூலையில் சின்னதாகப் போடுங்கள். தாழ்மைக்காகப் போடாமல் விடுகிறவர்களைத் தெரியும். இருபது வருஷம் கழித்துப் படத்தைச் சுத்தம் பண்ண வருகிறவருக்கு யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டாமா?

மாட்டும்போது படத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு மூலையிலும் ஒரு இஞ்ச் கட்டை வையுங்கள், காற்றுப் போகட்டும். மெழுகுவத்தி ஸ்டாண்டைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தைப் பிரதிஷ்டை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், திங்கட்கிழமை யாரும் ஃபோனை எடுக்கமாட்டார்கள். ஆலயத்தைப் பராமரிக்கிற கோயில்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, காய்ந்த மெல்லிய துணியால் மட்டும் தூசு தட்டுங்கள், தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நிச்சயம் தடவுவார்.